பழைய லாரியின் சென்டர் பிரேக்: டிரம், சீல் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஐச்சர் கேன்டர், அதே காலத்து மற்ற ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புச் சிறு லாரிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சென்டர் பிரேக் பிடிக்காமல் போவதற்குப் பின்னால் பல நேரம் ஓர் எண்ணெய் ஒழுகல் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் டிரம்மை மட்டும் மாற்றினால் புது டிரம்மும் புது லைனிங்கும் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) வீண்தான். பல பதில்கள் அந்த இடத்துக்கே திரும்பி வரும்.

1. சென்டர் பிரேக்னா என்ன? என் வண்டியில அது இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்காமல், கியர் பாக்ஸின் பின்புறம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு) தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு சிறிய டிரம்மைப் பிடித்தால் அதுதான் சென்டர் பிரேக். 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு இந்தியாவுக்கு வந்த சிறு லாரிகள் வழியாக இது இங்கே பரவலானது. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிஸான், ஸ்வராஜ் மாஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி என்று நான்கு கூட்டணிகள் அப்போது இருந்தன. ஜீப், லேண்ட் ரோவர் வகைகளில் அதற்கு வெகு முன்பே இந்த ஏற்பாடு உண்டு.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும். கியர் பாக்ஸ் முடிந்து ஷாஃப்ட் ஆரம்பிக்கும் இடத்தில் சட்டி மாதிரி ஒரு டிரம் இருந்து, ஹேண்ட் பிரேக் கேபிள் அங்கே வந்து சேர்ந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கானது. ஏர் பிரேக் உள்ள பெரிய லாரிகளில் பின் சக்கரங்களுக்கு அருகே இருக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பர்தான் பார்க்கிங் பிரேக். அது வேறு வேலை. அந்தச் சேம்பருக்குள் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் இருக்கிறது, விவரம் தெரியாதவர் அதைப் பிரிக்கவே கூடாது.

2. இவ்வளவு சின்ன டிரம் எப்படி லோடு வண்டியைப் பிடிக்குது?

கிரௌன் பினியன் (ஷாஃப்டின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்கு மாற்றும் பல்சக்கரங்கள்) விகிதம்தான் காரணம். விகிதம் 6 என்றால், டிரம்மில் பிடிக்கும் விசை சக்கரத்துக்குப் போகும்போது 6 மடங்காகிறது. அதனால் சின்ன டிரம்மே போதும். ஆனால் அதே கணக்கு வேகத்துக்கும் பொருந்தும். 7.50-16 டயர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று சுற்றும். டிரம் சுமார் 2,400 சுற்று. லைனிங் லேசாக உரசினாலும் டிரம் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது, டிரம்மின் எடை ஒரு பக்கம் கூடினால் வண்டி ஏன் அதிர்கிறது என்பதற்கெல்லாம் விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

3. ஹேண்ட் பிரேக் முழுசா இழுத்தும் மேட்டுல வண்டி நகருது. டிரம் போயிடுச்சா?

உடனே டிரம் வாங்கப் போகாதீர்கள். செலவில்லாததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லீவர் ஏறக்குறைய கடைசிப் பல் வரை வருகிறதா? அப்படியானால் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம், கேபிள் நீண்டிருக்கலாம், அல்லது கேபிள் வந்து சேரும் லீவரின் அச்சாணி துருப்பிடித்து இறுகியிருக்கலாம். லீவர் சரியான இடத்திலேயே இறுக்கமாக நின்றும் வண்டி நழுவினால், லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கிறது அல்லது லைனிங் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

டிரம்மைக் கழற்றிப் பார்த்தால்தான் முடிவு தெரியும். உட்பக்கம் விரல் நகம் சிக்கும் அளவு வரிப்பள்ளம், விளிம்பில் மேடு, நீலம் பூத்த சூட்டுத் தழும்பு, மயிரிழை வெடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பேச்சே இல்லை, அந்த டிரம் பழைய இரும்புக்குத்தான். லைனிங் ரிவெட் தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஷூவையும் (லைனிங் பதித்த வளைந்த இரும்பு) மாற்ற வேண்டும்.

4. டிரம்மைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு. சீல்தான் போச்சுன்னு எடுத்துக்கலாமா?

பெரும்பாலும் கியர் பாக்ஸின் பின் சீல்தான் (உதடு போன்ற ஓரத்தால் எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையம்). ஆனாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். முன்னாலிருந்து இன்ஜின் ஆயில் காற்றில் பறந்து வந்து அங்கே படிவதும் உண்டு. கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை இருக்கும், கையில் தேய்த்தால் கெட்டியாக வழுக்கும். டிரம்மின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் சீலைக் குற்றம் சொல்ல முடியாது. உள்ளே, பேக் பிளேட்டின் (டிரம்மோடு சுற்றாமல் ஷூக்களைத் தாங்கி நிற்கும் தகடு) நடுவிலிருந்து கீழே வழிந்த தடம் இருந்தால் சீல் பக்கம்தான்.

சீல் போனது என்று தெரிந்த பிறகு, அது ஏன் போனது என்று கேளுங்கள். வயதாகி உதடு விறைத்துப் போவது சாதாரணம். மற்றக் காரணங்கள்தான் திரும்பத் திரும்பத் தொல்லை தருபவை. கியர் பாக்ஸின் மேலே இருக்கும் பிரீதர் சேற்றால் அடைத்துக்கொண்டால், உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். ஆயில் அளவு கூடிப்போனாலும் அதே கதை. பின் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் குதித்துக் குதித்துச் சீலின் உதட்டைத் தின்றுவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்து அதிர்வு இருந்தாலும் அப்படித்தான்.

பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொஞ்ச நேரம் போதும். அதைச் செய்யாமல் சீல் மாற்றும் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. நீங்களே கேட்டு, பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

5. புது டிரம் விலை ஜாஸ்தி. பழசை லேத்துல கடைஞ்சா போதாதா?

பள்ளம் மேலோட்டமாக இருந்தால் கடையலாம். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் வார்ப்பெழுத்தில் போட்டிருக்கும். கடைந்து முடித்த பிறகும் அந்த அளவுக்குள் இருக்க வேண்டும், மேற்கொண்டு தேய்வதற்கும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் மேனுவலில் பாருங்கள். லேத் பட்டறைக்காரர் டிரம்மை விளிம்பில் பிடித்துக் கடைந்தால் மையம் விலகி ஓரம் வாங்கிவிடும். ஃபிளாஞ்சில் (கியர் பாக்ஸின் பின்முனையில் டிரம்மும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் பூட்டப்படும் வட்டத் தட்டு) உட்காரும் நடுத்துளையை ஆதாரமாக வைத்துத்தான் கடையச் சொல்ல வேண்டும்.

நீலத் தழும்பு உள்ள இடம் இரும்பு இறுகிப்போன இடம். கடைந்தாலும் அந்த இடம் மட்டும் மறுபடி மேடாக நிற்கும். அப்படிப்பட்ட டிரம்முக்குக் கடைசல் கூலி கொடுப்பதை விடப் புதிது வாங்குவதே மேல்.

6. எண்ணெய் ஊறின ஷூவைப் பெட்ரோல்ல கழுவி, சுட்டு எடுத்தா சரியாயிடும்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா?

வேண்டாம். லைனிங் நுண்துளைகள் நிறைந்த பொருள். மேலே கழுவினாலும் உள்ளே இறங்கிய எண்ணெய், டிரம் சூடானதும் மறுபடி மேலே கசியும். முதல் நாள் பிடிக்கும், அப்புறம் பழையபடி நழுவும். நெருப்பில் சுட்டால் லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசினும் கருகும், லைனிங் பாளம் பாளமாகப் பிரியும். பெட்ரோல் புகையும் நெருப்பும் ஒரே பட்டறையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஷூ இரும்பு நன்றாக இருந்தால் லைனிங் அடிக்கும் கடையில் கொடுத்துப் புது லைனிங் அடித்துக்கொள்ளலாம். அது முறையான வழிதான், செலவும் குறைவு.

இன்னொன்று. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பட்டறைப் பையன்கள் தினமும் அந்தத் தூசியைத்தான் சுவாசிக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள்.

7. என்னென்ன சாமான் வாங்கி வச்சுக்கணும்?

டிரம், ஷூ செட் அல்லது புது லைனிங், ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள், பின் சீல், ஃபிளாஞ்ச் நடு நட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டும் லாக் நட்டும், கியர் ஆயில். நடு நட்டில் உதட்டை மடக்கிப் பூட்டும் வகை இருந்தால் பழையதை மறுபடி போடாதீர்கள், ஒருமுறை மடங்கிய உதடு இரண்டாம் முறை நம்பகமாகப் பூட்டாது. நட்டின் கீழே ஓ-ரிங் இருக்கும் வண்டிகளில் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

ஒரே பெயரில் பல கியர் பாக்ஸ்கள் வந்திருப்பதால் வண்டிப் பெயரைச் சொல்லிச் சீல் வாங்கினால் தவறு வர வாய்ப்பு உண்டு. பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மி.மீ. கணக்கில். அதை எழுதிக்கொண்டு போங்கள். எண் அழிந்திருந்தால் ஃபிளாஞ்ச் கழுத்தையும் சீல் உட்காரும் குழியையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். அளவு ஒத்துப்போனாலும் உதட்டில் சுழற்சித் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் கவனியுங்கள்.

8. வண்டியை கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து வச்சுட்டு வேலை ஆரம்பிக்கலாம்ல?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். டிரம்மைக் கழற்ற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்த கணத்தில் கியரும் சக்கரமும் தொடர்பற்றுப் போகின்றன. கியரில் இருந்தாலும் வண்டியைப் பிடிக்க எதுவுமே இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பீர்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் மண் தரையில்கூட லாரி உருளும்.

லோடு இறக்கிய வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். முன் சக்கரம், பின் சக்கரம் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் நல்ல மரக்கட்டை கொடுங்கள். செங்கல் நொறுங்கும், உருண்டைக் கல் நழுவும். கட்டை போட்ட பிறகு பிரேக்கை விட்டு, வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பின்பே உள்ளே போங்கள். சாவியை எடுத்து உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலே இந்த வேலையைச் செய்துவிடலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்டு கட்டாயம், அதற்கு முன் 16ஆவது பதிலையும் பார்த்துவிடுங்கள்.

9. டிரம் அசையவே மாட்டேங்குது. சுத்தியல்ல அடிக்கலாமா?

முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மில் விளிம்பு மேடாகியிருக்கும், ஷூ அந்த மேட்டில் மாட்டிக்கொண்டு டிரம்மை விடாது. பேக் பிளேட்டிலோ டிரம்மிலோ உள்ள ரப்பர் மூடியை எடுத்தால் அட்ஜஸ்டர் சக்கரம் தெரியும். சில வண்டிகளில் டிரம்மை ஃபிளாஞ்சோடு பிடித்திருக்கும் சிறு திருகுகள் துருவுக்குள் மறைந்திருக்கும். அவற்றைத் தேடிக் கழற்றுங்கள்.

அப்புறமும் வரவில்லை என்றால் நடுக் கழுத்தில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். டிரம் முகத்தில் மரை போட்ட துளைகள் இருந்தால் அதே மரையுள்ள போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். அந்த அதிர்ச்சி கியர் பாக்ஸ் பின் பேரிங்குக்கும் போகும்.

10. ஃபிளாஞ்ச் நடு நட்டைக் கழட்டினா ஷாஃப்டே சுத்துது. எப்படிப் பிடிக்கிறது?

ஒரு கெட்டியான இரும்புப் பட்டையில் இரண்டு துளை போட்டு, ஃபிளாஞ்ச் போல்ட் துளைகளோடு முடுக்கி, மறுமுனையைச் சேசிஸில் முட்டுக்கொடுத்தால் அசையாது. ஹேண்ட் பிரேக் இன்னும் ஓரளவு பிடிக்கிற வண்டியாக இருந்தால், டிரம்மைக் கழற்றும் முன்பே பிரேக்கைப் போட்டு நட்டைத் தளர்த்திக்கொள்ளலாம். உளி வைத்துத் தட்டிக் கழற்றும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. நட் வந்துவிடும், ஷாஃப்டின் மரை கெட்டுவிடும். ஃபிளாஞ்ச் இறுக்கமாக இருந்தால் புல்லர் போட்டு எடுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரிக்கும் முன் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் சேர்த்து ஒரு கோடு போடவோ பஞ்ச் குத்தவோ மறக்காதீர்கள். அதே நிலையில் திரும்பப் பூட்ட வேண்டும். பிரித்த ஷாஃப்டைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

11. புது சீல்ல எந்தப் பக்கம் உள்ளே போகணும்?

சின்ன ஸ்பிரிங் வளையம் தெரியும் பக்கம் எண்ணெயை, அதாவது கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். பழைய சீலை எடுக்கும் முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தது என்று அளந்துகொள்ளுங்கள். எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் நுனியால் குழியின் சுவரைக் கீறிவிடாதீர்கள், கீறல் வழியாகவே எண்ணெய் வரும்.

உதட்டில் கியர் ஆயிலோ கொஞ்சம் கிரீஸோ தடவுங்கள். உலர்ந்த சீல் முதல் சில சுற்றுகளிலேயே கருகும். சீலின் வெளி விட்டத்தைவிடச் சற்றே சிறிய குழாய்த் துண்டை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்து இறங்கினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வெளிச்சுற்று ரப்பர் பூசியதாக இருந்தால் பசை வேண்டாம். வெறும் தகடாக இருந்தால் மெல்லிய படலம் போதும்.

12. புது சீல் போட்டும் கொஞ்ச நாள்லயே மறுபடி ஒழுகுது. டூப்ளிகேட் சீலா?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஃபிளாஞ்சின் கழுத்தைப் பாருங்கள். சீல் உதடு ஓடிய இடத்தில் வரிப்பள்ளம் விழுந்திருக்கும். நகம் சிக்கினால் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். ஃபிளாஞ்சை மாற்றலாம், அல்லது அந்தக் கழுத்தின்மேல் மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் ஏற்றலாம். குழியில் இடம் இருந்தால் சீலை ஓரிரு மி.மீ. முன்னே பின்னே உட்கார வைத்து உதடு புது இடத்தில் ஓடும்படியும் செய்யலாம். உப்புத்தாளைக் கையில் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பது நிலைமையை மோசமாக்கும்.

பலர் கவனிக்காத இன்னொரு வழி ஸ்பிளைன். ஃபிளாஞ்சுக்கும் கியர் பாக்ஸ் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள பற்கள் வழியாக எண்ணெய் நடு நட்டுக்கு வந்து, சுழலும் வேகத்தில் டிரம்முக்குள் தெறிக்கும். பார்ப்பதற்குச் சீல் ஒழுகுவது போலவே இருக்கும். நட்டின் அடியிலும் ஸ்பிளைன் ஓரத்திலும் எண்ணெய் தாங்கும் பசை பூசிப் பூட்டினால் நிற்கும். இதுவும் இல்லையென்றால் 4ஆவது பதிலில் சொன்ன பிரீதர், ஆயில் அளவு, பேரிங் ஆட்டம். ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கையில் தெரியும் ஆட்டம் இருந்தால் கியர் பாக்ஸைத் திறக்காமல் தீராது.

13. அட்ஜஸ்ட் பண்றப்ப கேபிளை இழுத்து முடுக்கிட்டாப் போதுமா?

தலைகீழ் வரிசை அது. கேபிளை முழுவதும் தளர்த்திவிட்டு முதலில் டிரம்முக்குள் இருக்கும் அட்ஜஸ்டரை முடுக்குங்கள். டிரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகியதும், மேனுவலில் சொன்ன அளவு பின்வாங்குங்கள். டிரம் உரசாமல் சுற்ற வேண்டும். அதன் பிறகுதான் கேபிளைச் சரிசெய்து லீவர் எத்தனையாவது பல்லில் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கேபிளை மட்டும் முடுக்கி வைத்தால் ஷூ எப்போதும் பாதி விரிந்தே நிற்கும், டிரம் சூடாகும், அந்தச் சூடு பக்கத்திலேயே இருக்கும் புது சீலையும் வேக வைக்கும். ஓட்டம் முடிந்து டிரம் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். கியர் பாக்ஸைவிட மிகுதியாக அனல் அடித்தால் உரசுகிறது என்று அர்த்தம்.

புது லைனிங்குக்கு முழுப் பிடிமானம் உடனே வராது. காலியான சாலையில் நடை வேகத்தில் லீவரை லேசாகச் சிலமுறை இழுத்து விட்டு, டிரம் ஆறியதும் மறுபடி அட்ஜஸ்ட்மென்ட் பாருங்கள். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுச் சோதனை) கொண்டுபோகும் அன்று காலையில் லைனிங் மாற்றினால் சோதனையில் நழுவ வாய்ப்பு அதிகம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்சி என்பதால், முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வது நல்லது.

14. டிரம் மாத்தின பிறகு வேகத்துல வண்டி அதிருது. ஏன்?

2ஆவது பதிலில் சொன்ன சுற்றுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். டிரம் உட்காரும் முகத்தில் துருத் துகளோ பழைய பெயிண்டோ இருந்தால் டிரம் சாய்ந்து நிற்கும். கழற்றி, முகத்தைச் சுத்தமாகத் துடைத்துப் பூட்டுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குறி பார்க்காமல் திருப்பிப் போட்டிருந்தாலும் அதிரும். டிரம்மின் வெளிச்சுற்றில் ஒட்டவைத்த சிறு இரும்புத் துண்டு இருந்தால் அது சமன் செய்வதற்காக வைத்தது, அழுக்கு என்று நினைத்துத் தட்டி எடுத்துவிடாதீர்கள்.

15. இறக்கத்துல கால் பிரேக் போயிட்டா ஹேண்ட் பிரேக் இழுக்கலாமா அண்ணே?

வேறு வழியே இல்லாத உயிர் ஆபத்தில் இழுக்கலாம். ஆனால் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். சென்டர் பிரேக்கின் விசை முழுவதும் கிராஸ் ஜாயிண்ட், கிரௌன் பினியன், ஆக்ஸில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஓடும் லோடு வண்டியில் சடாரென்று இழுத்தால் இவற்றில் ஒன்று முறியலாம். முறிந்துவிட்டால் இன்ஜின் பிடிமானமும் சேர்ந்து போய்விடும். கியரைக் குறைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். இந்தச் சின்ன டிரம் நிற்கும் வண்டியைப் பிடிக்கச் செய்தது, 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை இறக்கத்தில் வேகத்தைத் தாங்கும் திறன் அதற்குக் கிடையாது.

16. ஹேண்ட் பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. ஆனா பின் சக்கரத்தை ஜாக்கியில தூக்கினதும் வண்டி நகர்ந்துடுச்சு. எப்படி?

சென்டர் பிரேக்கின் பிறவிக் குணம் இது, பழுது இல்லை. பிரேக் பிடிப்பது ஷாஃப்டை மட்டும்தான். ஷாஃப்ட் நின்றிருந்தாலும் டிஃபரென்ஷியல் (இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) வழியாக ஒரு பின் சக்கரம் முன்னால் சுற்ற, மற்றது பின்னால் சுற்ற முடியும். இரண்டும் தரையில் இருக்கும்வரை அது நடக்காது. ஒன்றைத் தூக்கிய உடனே அது காற்றில் தலைகீழாகச் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

ஒரு பக்கச் சக்கரம் வழுக்கும் சேற்றிலோ ஈரப் பாசியிலோ நின்றாலும் இதே ஆபத்து உண்டு. அதனால் சென்டர் பிரேக் வண்டியில் பஞ்சர் பார்க்கும்போது ஜாக்கிக்கு முன்னால் கட்டையை எடுங்கள், முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கொடுங்கள். மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றி இறங்கும் வண்டிகள் கோத்தகிரி ரோட்டில் ஓரம் நிற்கும்போது, ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து, கியரில் போட்டு, கட்டையும் கொடுத்த பிறகே டிரைவர் இறங்க வேண்டும். கட்டை கிளீனர் கையில் தயாராக இருக்கட்டும், லோடுக்கு அடியில் புதைந்திருந்தால் அவசரத்துக்கு உதவாது.